முதுகலை ஆய்வேட்டில் ஆராய்ச்சி எது? புதிய கண்டுபிடிப்பா, சரிபார்க்கக்கூடிய விடையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

புதிதாக எதையாவது கண்டுபிடித்தால்தான் ஆராய்ச்சி, ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்தால் அது வெறும் நகல் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஐயா, ஒரே பருவத்துக்குள் ஏட்டை முடித்து, பைண்டிங் போட்டு, வாய்மொழித் தேர்வுக்கு வந்து நிற்க வேண்டிய பிள்ளையிடம் "புதுசு கொண்டா" என்றால் என்ன செய்யும்? ஊர்ப் பெயரை மாற்றும்! போன வருடம் "வாடிக்கையாளர் மனநிறைவு: திருச்சி". இந்த வருடம் மதுரை. மதுரையில் இதுவரை யாரும் செய்யவில்லை, ஆகவே புதுசு. உங்கள் அளவுகோலில் இது தேறிவிடுகிறதே!

அந்த ஏட்டைத் திறந்து பாருங்கள். 100 பேர். அவர்களும் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பிப் பிடித்தவர்கள். வருமானம் ஐந்து பிரிவு, விடை ஐந்து வகை. இரண்டையும் அட்டவணையாகப் போட்டால் 25 கட்டம். 100 பேரைப் பங்கு வைத்தால் கட்டத்துக்குச் சராசரி 4. வருமானத்துக்கும் விடைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனைக்கு, எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லையென்றால் ஒரு கட்டத்தில் வர வேண்டிய ஆட்கள்) 5-க்குக் குறைந்த கட்டங்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பாடநூல் விதி. எத்தனை கட்டம் குறைகிறது என்று எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் அட்டவணைக்கு அடியிலேயே குறிப்புப் போட்டுத் தருகிறது. நம் பிள்ளைகள் அந்த வரியை மட்டும் கத்தரித்துவிட்டு மேலே உள்ளதை ஒட்டுகிறார்கள்! வருமானத்தையும் விடையையும் மூன்று மூன்று பிரிவாகச் சுருக்கியிருந்தால் 9 கட்டம், சராசரி 11, சோதனை செல்லுபடியாக வழி இருந்திருக்கும்.

சரி, குலுக்கல் முறையிலேயே 100 பேரை எடுத்தாலும் "54 சதவீதம் பேருக்குத் திருப்தி" என்ற விடை 10 புள்ளி கூடலாம், குறையலாம். பாதிக்கு மேலா கீழா என்றே சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் பிடித்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது.

திரும்பச் செய்வது கேவலமா? வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவுகள் 2015-இல் வந்தன. முதல் முறை 97 சதவீத ஆய்வுகளில் தெரிந்த விளைவு, மறுமுறை 36 சதவீதத்தில்தான் தெரிந்தது. அன்று புதுமை என்று கைதட்டு வாங்கியவைதாம் அவை.

"எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருளில் ஒற்றுமை 10 சதவீதத்துக்குள், ஆகவே சொந்தச் சரக்கு" என்றார் ஒருவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி அதற்குத் தண்டனை இல்லை, அவ்வளவுதான். சொல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கருவிக்கு ஆய்வு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

எங்கள் அணி கேட்பது இரண்டே. கேள்விக்கு "இல்லை" என்ற விடையும் வர வழி இருக்க வேண்டும். அதே ஆவணத்தை எடுத்து இன்னொருவர் செய்து பார்க்க முடிய வேண்டும்.

ஒரு கல்லூரி நூலகம் இரவு 8 மணிவரை நீட்டித்தது என்று வையுங்கள். புத்தகம் எடுப்போர் கூடினார்களா? வழங்கல் பதிவேட்டில் நீட்டித்த பின் 6 மாதம், முந்தைய ஆண்டின் அதே 6 மாதம், இரண்டையும் எண்ண வேண்டும். அதே மாதங்கள்தான் வேண்டும். இல்லாவிட்டால் தேர்வுக் காலக் கூட்டத்தை நீட்டிப்பின் பலன் என்று எழுதிவிடுவோம். எண்ணிப் பார்த்து "கூடவில்லை" என்று ஒரு மாணவி எழுதுகிறார். புதுக் கோட்பாடு இல்லை, புதுக் கருவி இல்லை.

எதிரணியில் அடுத்து வருபவர் அந்த மாணவியைத் தேர்ச்சி பெறவிடுவாரா, மாட்டாரா? அதை முதலில் சொல்லிவிட்டுப் பேசட்டும். வணக்கம்.