பெயர் வேறு, மருந்து ஒன்றுதான்

நேயர்களுக்கு வணக்கம்.

மாதக் கடைசியில் மருந்துக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "தம்பி, இப்போ பத்து மாத்திரை குடுங்க, மீதியை அப்புறம் வாங்கிக்கிறேன்." அந்த அப்புறம் பல நேரம் வருவதே இல்லை. கையில் இருப்பதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு இழுக்கிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இப்படிச் செய்வது ஆபத்து. ஒரு மருந்தாளுநராக எனக்கு இது தாங்க முடியாத வருத்தம். ஏனென்றால் அதே மருந்து குறைந்த விலையிலும் கிடைக்கிறது.

உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பளிச்சென்று தெரிவது கம்பெனி வைத்த பெயர். பக்கத்திலேயே 'மெட்ஃபார்மின் 500 மி.கி.' என்பதுபோல் இன்னொன்று இருக்கும். அதுதான் மருந்து. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின், கொலஸ்ட்ராலுக்கான அடோர்வாஸ்டாடின் இவற்றுக்கெல்லாம் காப்புரிமை முடிந்து பல காலம் ஆகிவிட்டது; உரிமம் உள்ள எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம். விலை ஏறுவது பெரும்பாலும் விளம்பரத்தாலும், டாக்டர்களைப் போய்ப் பார்க்கும் பிரதிநிதிகளின் செலவாலும், இடைத்தரகாலும்தான். விலை குறைவு என்பதற்காகத் தரமும் குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம்.

குறைந்த விலையில் வாங்க இடங்கள் இருக்கின்றன. மத்திய அரசு 2008-இல் தொடங்கிய திட்டத்தில் வந்தவை மக்கள் மருந்தகங்கள். தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். அங்கே தருவதும் பெரும்பாலும் ஜெனரிக், அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வரும் மருந்துதான்.

மாற்றும்போது பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மருந்தின் பெயர், மில்லிகிராம் இரண்டும் பொருந்த வேண்டும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. சாதாரண மாத்திரை அதற்கு ஈடாகாது. வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவற்றை டாக்டரிடம் கேட்காமல் மாற்றவே கூடாது.

இன்னொன்று. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மிச்சமுள்ள பழைய அட்டையை முதலில் தீர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள். நிறமும் பெயரும் வேறாக இருப்பதால், இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். புது அட்டையின் மேல் 'சுகர், காலை' என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

நன்றி.