கடலில் விழுந்தவர்களைக் கல்லறையில் தேடாதீர்கள்
(வெள்ளவத்தையில் பேசியது. விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலம், 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. கோயிலுக்குப் போன சனங்கள் வீடு திரும்புவதற்குள் ஜப்பான் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு மேலே வந்துவிட்டன. இரத்மலானையிலிருந்தும், பழைய குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் அவற்றை எதிர்க்கப் பிரித்தானிய விமானப்படையின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பின. நீங்கள் இன்றைக்குக் கடைக்குப் போய் வருகிற அந்தத் திடலேதான். எழும்பியவர்களில் பலர் திரும்பவில்லை. ஊரில் இதைச் சொன்னவுடன் கேட்கிற முதல் கேள்வி, "அப்ப அவங்களை எங்க அடக்கினாங்க?" என்பதுதான்.

நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன், அது பிழை. கொழும்பில் கனத்தை மயானத்துக்கும் லிவரமெண்டு சேமக்காலைக்கும் போய்க் கல் கல்லாகப் படித்தால், உடல் கிடைத்தவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். தெற்கு, கிழக்கு ஆசியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன பொதுநலவாய விமானப்படையினரின் பெயர்களைச் சிங்கப்பூரில், கிராஞ்சி போர் மயானத்திலுள்ள நினைவுச் சுவரில்தான் பொறித்திருக்கிறார்கள். அங்கே தரைப்படையினரையும் சேர்த்து 24,000க்கு மேற்பட்ட பெயர்கள். கொழும்புக் கடலில் விழுந்த பிள்ளையின் பெயர் சிங்கப்பூரில் இருக்கிறது, அவன் சிங்கப்பூரைக் கண்டிருக்கவே மாட்டான். அதே காலை திருகோணமலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த 6 பிரித்தானிய சுவார்ட்ஃபிஷ் விமானங்களையும் ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினார்கள். ஆனால் அதில் போனவர்கள் கடற்படைக்காரர்கள், விமானப்படைப் பட்டியலில் எத்தனை வருடம் தேடினாலும் வரமாட்டார்கள். அவர்களில் உடல் கிடைக்காதவர்களை இங்கிலாந்தில் லீ-ஆன்-சொலன்ட் நினைவுச் சின்னத்தில் பார்க்கவேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நாளிலிருந்தும் விமானத்திலிருந்தும். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும், அதாவது விமானப்படைப் பிரிவும், நாளாந்தப் பதிவேடு ஒன்று வைத்திருந்தது, அவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 (AIR 27) என்ற வரிசையில் இருக்கின்றன. 540 என்ற படிவத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுவார்கள், 541இல் விமானம், ஆட்கள், எழும்பிய நேரம், இறங்கிய நேரம். திரும்பி வராதவனுக்கு அந்தக் கடைசிக் கட்டத்தில் நேரம் இருக்காது. மேலேயும் கீழேயும் உள்ளவர்களுக்கெல்லாம் நேரம் தட்டச்சில் வரிசையாக இருக்க, நடுவில் அது மட்டும் இல்லை. முதல்முறை பார்த்தபோது எனக்கு அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை.

விமானத்தைப் பிடித்துவிட்டால் கூடப்போனவர்களும் கிடைப்பார்கள். 9ஆம் திகதி அதே பந்தயத் திடலிலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான் கப்பல்களைத் தேடிப் போயின. ஒரு விமானத்தில் மூன்று பேர். ஒருவனின் பெயரை எழுத்துப் பிழையோடு பதிந்திருந்தாலும் மற்ற இரண்டு பேரும் அவனைக் காட்டிக்கொடுப்பார்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை, அவர்களுடைய பெயர்களுக்கும் அதே கதிதான்.

அப்புறம், படை இலக்கம். பெயரைவிட இலக்கத்தை நம்பலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். ஆனால் பிரித்தானிய விமானப்படையில் சாதாரணப் படைவீரன் ஒருவன் அதிகாரியாக உயர்ந்தால் புது இலக்கம் கொடுத்தார்கள். ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணி நான் பல மாதம் அலைந்தது அதனால்தான். திகதியிலும் கவனம் வேண்டும். கடல் ஓர் உடலைப் பல நாள் கழித்தும் கரைக்குக் கொண்டுவரும், ஆகவே அடக்கம் செய்த நாள் வேறு, இறந்த நாள் வேறு. சேமக்காலைப் பதிவேட்டில் இருப்பது முதலாவது, கல்லில் இருப்பது இரண்டாவது. இரண்டும் பொருந்தவில்லை என்று ஆளையே தள்ளிவிடாதீர்கள்.

கனடாக்காரர் என்றால் கொஞ்சம் சுலபம், போரில் இறந்தவர்களின் படைக் கோப்புகளை அந்த நாட்டுக் காப்பகம் திறந்தே வைத்திருக்கிறது. ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து போய், ஜப்பான் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிய கனடா விமானி லெனார்ட் பர்ச்சலின் கேட்டலினா விமானத்தில் 9 பேர் இருந்தார்கள். பர்ச்சலையும் சேர்த்து 6 பேர் கைதிகளாகிப் பிழைத்தார்கள். பர்ச்சலை இலங்கையைக் காத்தவர் என்று எல்லாரும் சொல்கிறோம். இறந்துபோன மற்ற 3 பேரின் பெயரை இந்த மண்டபத்தில் எத்தனை பேர் சொல்வீர்கள்? கிராஞ்சிச் சுவரின் பெயர்கள் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. நாளைப் போட்டுத் தேடுங்கள், காசில்லை.

வருகிற ஞாயிறு காலை கனத்தை வாசலில் நிற்பேன். பழைய ஆங்கிலக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள், தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டுவாருங்கள்.