தெரு வாட்ஸ்அப் குழுவை வச்சு குளத்தை மீட்க முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கும்பகோணத்துலேருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "எங்க பகுதி வாட்ஸ்அப் குழுவுல 200 பேருக்கு மேல இருக்கோம். பக்கத்துல இருக்குற குளத்தைத் தூர் வாரணும்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப நகரத்து மக்கள் இயக்கமெல்லாம் முன்ன மாதிரி இல்லங்கிறாங்களே, நாங்க எங்கேருந்து தொடங்குறது?"

நல்ல கேள்விம்மா. முன்னெல்லாம் டெல்டாவுல இயக்கம்னா விவசாய சங்கம், கொடி, மறியல், மனு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சதுக்கப்புறம் பேராவூரணிப் பக்கம் கடைமடை (வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற பகுதி) ஆளுங்க 'கைஃபா'ன்னு ஒரு விவசாயிகள் சங்கமாச் சேர்ந்து, பெரிய குளத்தைத் தாங்களே இறங்கித் தூர் வாரினாங்க. கேக்குறதோட நிக்காம வேலையையும் செய்யுறது, செலவையும் ஊருக்கு முன்னாடி வைக்கிறது. அந்தப் பழக்கம் இப்ப நகரத்து வார்டுக்குள்ளயும் வருது. ரொம்ப நல்ல மாற்றம் இது.

ஆனா நகரத்துக் குளத்துல ஒரு சிக்கல் இருக்கு. தூர் வாரினா மட்டும் தண்ணி வராது. தஞ்சாவூர்ல சிவகங்கைக் குளத்துலேருந்து அய்யன்குளத்துக்குத் தரைக்கடியிலயே செங்கல் வாய்க்கால் கட்டியிருந்தாங்க. கும்பகோணத்துக் குளங்களுக்கும் காவிரியிலேருந்தும் அரசலாத்துலேருந்தும் வாய்க்கால் வழியாதான் தண்ணி வந்துச்சு. அந்த வழி மேல இன்னிக்கு சிமெண்டுத் தளம் இருக்கும், கடைப் படிக்கட்டு இருக்கும், சாக்கடை இணைப்பு இருக்கும். பல குழு தோக்குறது இங்கதான். முதல்ல ஜேசிபி வாடகைக்கு எடுத்து குளத்தை வெட்டிடுறாங்க. அடுத்த மழையில அதே சாக்கடை வந்து ரொம்பிடுது.

அதனால குளத்தை விட்டுட்டு, ஆத்துலேருந்து வாய்க்கால் பிரியுற தலைப்பு மதகுலேருந்து குளம் வரைக்கும் நடந்து வாங்க. கையில ஒரு நோட்டு, ஒரு அளவு டேப். வாய்க்கால் எங்க குறுகுது, எங்க மூடியிருக்கு, எங்க கழிவு விழுதுன்னு எழுதி, அந்தந்த இடத்தைப் படம் எடுத்து வச்சுக்கங்க. நகர நில அளவைப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வாங்கி ஒப்பிட்டாதான் உண்மையான அகலம் தெரியும். கிடைக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். குளம் யாருதுங்கிறதும் அப்பதான் தெரியும்: மாநகராட்சியா, கோயில் குளம்னா அறநிலையத் துறையா, நீர்வளத் துறையா. உரிமையுள்ள துறையோட எழுத்து அனுமதி இல்லாம ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காதீங்க. எடுத்த வண்டலை வெளிய ஏத்திட்டுப் போறதுக்குத் தனி அனுமதி வேணும். இல்லன்னா லாரியைப் பிடிச்சுடுவாங்க. வேலை அன்னிக்கே நின்னுடும்.

வார்டு மக்கள் கூடிப் பேசுற பகுதி சபா கூட்டம் நடந்தா கட்டாயம் போங்க. 2022 நவம்பர் 1-லேருந்து நடத்த ஆரம்பிச்சாங்க. பேசிட்டு மட்டும் வந்துடாதீங்க, தீர்மானமா எழுதச் சொல்லி நகல் வாங்குங்க.

வாய்க்கால் ஓரம் குடியிருக்கிறவங்க விஷயத்துல கொஞ்சம் நிதானம் வேணும். உங்க மனு அவங்க வீட்டு மேல போய் விழக்கூடாது. மனு எழுதுறதுக்கு முன்னாடி அவங்க வாசலுக்குப் போய்ப் பேசுங்க. பல இடத்துல அடைப்பு குடிசையால வந்திருக்காது, மேல இருக்குற தளத்தாலயும் சின்னக் குழாயாலயும்தான் வந்திருக்கும். வீடு மாறியே ஆகணும்னா, மாற்றிடம் கேக்குற கோரிக்கையும் உங்க மனுவுலயே இருக்கணும். அந்தத் தெருப் பொம்பளைங்கள்ல ரெண்டு பேராவது வேலைக்குழுவுல இருக்கட்டும். எந்த நேரத்துல எங்க தண்ணி தேங்குதுன்னு அவங்களுக்குத்தான் அத்துப்படி.

அடுத்தது பணம். ஒருத்தரோட ஜிபே நம்பர்ல வசூல் பண்ணவே கூடாது. சந்தேகம் வந்துச்சுன்னா குழுவே ரெண்டாப் போயிடும். 7 பேர் சேர்ந்து சங்கமாப் பதிவு பண்ணலாம். ரெண்டு கையெழுத்து இருந்தாதான் பணம் எடுக்க முடியுற மாதிரி வங்கிக் கணக்கு. வாரா வாரம் ரசீதோட கணக்கைப் பெரிய குழுவுல போடுங்க. வேலை பேசுறதுக்கு எட்டுப் பத்துப் பேர்ல தனிக் குழு போதும். நம்ம பக்கம் சிங்கப்பூர்லேருந்து பணம் வரும். அங்க குடியுரிமை வாங்கிட்டவங்க சொந்தக்காரங்களாவே இருந்தாலும் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாம சங்கம் அதை வாங்கக்கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோட அங்க வேலை பார்க்கிறவங்க தங்க சம்பாத்தியத்துலேருந்து வங்கி வழியா அனுப்பலாம்.

காலம் தெரிஞ்சு இறங்குங்க. மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவாங்க. நடுவுல பிப்ரவரியிலேருந்து மே வரைக்கும்தான் வாய்க்கால் காஞ்சு கிடக்கும். சாக்கடையை முதல்ல திருப்பி விடுங்க, அப்புறம் வாய்க்கால், கடைசியாதான் குளம். குளத்துல கறுப்பு வண்டலை மட்டும் எடுக்கணும். அடியில இறுகின களி வந்துட்டா நிறுத்திடுங்க. அதைத் தாண்டி மணல் வரைக்கும் வெட்டினா தண்ணி நிக்காம இறங்கிடும். ஆழமா வெட்டினாதான் நல்லதுன்னு நினைச்சு பல பேர் இதைத்தான் பண்ணிடுறாங்க.

முதல் தண்ணி வர்ற அன்னிக்கு வாய்க்காலோட ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒருத்தர் நின்னு, தண்ணி தன்னைத் தாண்டுற நேரத்தைக் குறிச்சுக்கட்டும். எந்த ரெண்டு பேருக்கு நடுவுல நேரம் அதிகமா ஆகுதோ, அடைப்பு அங்கதான் இருக்கு.