ஸ்டோர் ரூம் ரிஜிஸ்டரில் ஏறாத சரக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கோவைப் பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பேரிங் வேண்டுமென்றால் சீட்டு எழுத வேண்டும், சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், ரிஜிஸ்டரில் பதிய வேண்டும். அப்புறம்தான் சாமான் கைக்கு வரும். சில நூறு ரூபாய் பொருளுக்கு அவ்வளவு கணக்கு. அதே தொழிற்சாலையின் டிசைன் அறைக்குள் போய், "இந்த கம்ப்யூட்டரில் ஓடும் வரைபட மென்பொருள் யார் பெயரில் வாங்கியது? எத்தனை பேருக்கு வாங்கியது? எப்போது முடிகிறது?" என்று கேளுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதன் விலையோ லட்சத்தில் இருக்கும்.

இப்படிப்பட்ட ஆலைகளில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிப்பதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. அதில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

அங்கே ஒரு டிசைனர் வேலையை விட்டுப் போனார். நல்ல மனுஷன், மனஸ்தாபம் எதுவும் இல்லாமல்தான் போனார். இரண்டு மாதம் கழித்து வரைபட மென்பொருளின் ஆண்டுச் சந்தா முடிந்தது. புதுப்பிக்க உட்கார்ந்தால், கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. வாங்கிய அன்று ஏதோ அவசரம். "உங்க ஐடியையே கொடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. ஓடிபி அவருடைய பழைய நம்பருக்குப் போகிறது, அவரோ சிம்மை மாற்றிவிட்டார். நான்கு நாள் வரைபடம் திறக்கவில்லை. ஃபவுண்டரியில் பேட்டர்ன் செய்பவர் காத்திருக்கிறார், ஆர்டர் கொடுத்தவர் தினமும் போன் செய்கிறார். கடைசியில் அந்த டிசைனரே ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து கணக்கை மாற்றிக் கொடுத்தார். முதலாளி பணம் கட்டத் தயாராக இருந்தார், யாரும் எதையும் திருடவில்லை. எதுவும் எழுதி வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருள் உரிமம் என்றதும் போலி நகல், ரெய்டு, அபராதம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. ஒரு நிரலை எழுதியவருக்கு நாவலாசிரியரோடு ஒரே வரிசையில் இடம் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதே சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தாதவர்களுக்குத்தான் நீதிமன்றம் இதில் சலுகை காட்ட முடியும். தொழிற்சாலைக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆனால் போலீசுக்குப் பயந்து இதைச் செய்யுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. காசு கொடுத்து முறையாக வாங்கியவர்களும் சிக்கிக்கொள்வதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளைக் கடையில் வாங்கினாலும் நாம் வாங்குவது அதைப் பயன்படுத்தும் உரிமையைத்தான். அந்த உரிமையில் பல வகை. புது கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் விண்டோஸ் பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு கட்டுண்டது; பெட்டி காயலான் கடைக்குப் போனால் உரிமமும் கூடவே போய்விடும். கணக்கு எழுதும் டாலி மென்பொருளில் சில்வர் என்றால் ஒருவர் பயன்படுத்த, கோல்டு என்றால் ஒரே நெட்வொர்க்கில் பலர் பயன்படுத்த. ஒருமுறை வாங்கிப் போட்டால் பத்து வருடம் ஓடும் என்ற காலமும் மலையேறிவிட்டது. அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியது, ஆட்டோகேட் விற்கும் ஆட்டோடெஸ்க் 2016இல் மாறியது. சந்தா என்றாலே ஒரு கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதி யாருடைய டைரியில் இருக்கிறது?

இலவசம் என்று நம்பி ஏமாறுவது இன்னொரு பக்கம். இன்னொரு கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் டீம்வியூவரை டவுன்லோட் செய்யும்போது காசு கேட்பதில்லை, ஆனால் அந்த இலவசம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். கல்லூரி மாணவருக்குத் தரும் ஆட்டோகேட் படிப்புக்கு மட்டும். புதிதாகச் சேர்ந்த இளைஞர் தன் லேப்டாப்பில் அதை வைத்துக்கொண்டு ஆலையின் வரைபடத்தை வரைந்தால் பொறுப்பு ஆலைக்குத்தான். பல மென்பொருள்கள் ஓடத் தேவைப்படும் ஜாவாவின் கதை இன்னும் நுட்பமானது. 2023 ஜனவரியில், ஜாவாவை வழங்கும் ஆரக்கிள் நிறுவனம் தன் ஜாவா சந்தாவை மொத்த ஊழியர் எண்ணிக்கைப்படி கணக்கிடத் தொடங்கியது. கம்ப்யூட்டரையே தொடாத வாட்ச்மேனும் அந்தக் கணக்கில் வருவார். ஓப்பன் ஜேடிகே என்ற கட்டணமில்லாத மாற்று இருக்கிறது. எந்தெந்த கம்ப்யூட்டரில் எந்த ஜாவா ஓடுகிறது என்ற பட்டியல் இருந்தால்தான் அதற்கு மாற முடியும்.

பட்டியலின் அருமையை உலகத்துக்கே புரிய வைத்தது 2021 டிசம்பர். லாக்4ஜே என்று ஒரு சிறிய ஜாவா நிரல் தொகுப்பு; மற்ற மென்பொருள்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்வது. மென்பொருள் தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்க உதவுவது. காசில்லாமல் கிடைப்பது, ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்குள் உட்கார்ந்திருப்பது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. ஆபத்தின் அளவுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பத்துக்குப் பத்து. சரிசெய்த பதிப்பு சில நாளிலேயே வந்துவிட்டது. திண்டாட்டம் எங்கே என்றால், "நம்மிடம் அது எங்கெல்லாம் இருக்கிறது?" என்ற கேள்வியில். பெரிய பெரிய நிறுவனங்களுக்கே பதில் தெரியவில்லை, வாரக்கணக்கில் தேடினார்கள்.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீய நிரல் தாக்கியபோதும் இதே கதைதான். மைக்ரோசாப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. கிராக் செய்த விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பிடிபடுவோமோ என்று அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பதற்றமாக இருக்கிறது.

சரி, கணக்கை எப்படி எழுதுவது? முப்பது கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்கு ஒரு எக்செல் ஷீட் போதும், காசில்லாமல் கிடைக்கும் லிப்ரெஆபிஸில் போட்டாலும் சரிதான். கம்ப்யூட்டரின் சீரியல் நம்பர், எந்த மேசை, யார் கையில், உள்ளே என்னென்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, பில் எங்கே, எந்த மின்னஞ்சலில் வாங்கியது, எந்தத் தேதியில் முடிகிறது. நூறு கம்ப்யூட்டருக்கு மேல் போனால் ஜிஎல்பிஐ, ஓசிஎஸ் இன்வென்டரி போன்ற திறந்த மூல மென்பொருள்கள் நெட்வொர்க் வழியாகத் தாங்களே எண்ணிக் கொடுக்கும். பில் நிறுவனத்தின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் இருக்கட்டும்; வரிக்கழிவுக்கும் அதுதான் ஆதாரம். மின்னஞ்சல் மட்டும் எந்தத் தனி ஆளின் பெயரிலும் வேண்டவே வேண்டாம். நிறுவனத்தின் டொமைனில் உரிமத்துக்கென்று ஒரு முகவரி வையுங்கள், ஓடிபிக்கு அலுவலக சிம் ஒன்று வையுங்கள். ஒருவர் வேலையை விடும்போது ஐடி கார்டையும் லேப்டாப்பையும் திருப்பி வாங்குகிறோம் இல்லையா, அதே தாளில் மென்பொருள் கணக்குகளுக்கும் ஒரு வரி சேருங்கள்.

எண்ணிப் பார்த்தால் செலவும் குறையும். ஒரு ஆலையில் எண்ணியபோது, வேலையை விட்டுப் போன ஆறு பேரின் பெயரில் சந்தா ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் மட்டும் டைப் செய்யும் மேசைகளில் காசு கட்டும் ஆபிஸ் தொகுப்பு இருந்தது. அங்கே லிப்ரெஆபிஸ் போட்டோம். அக்கவுன்ட்ஸ் பிரிவில் கை வைக்கவில்லை. அவர்கள் எக்செல்லில் எழுதி வைத்திருக்கும் மேக்ரோக்களை, அதாவது தானாக வேலை செய்யும் கட்டளைகளை, மாற்றப் போய் மாதக் கடைசியில் அவர்களைத் தவிக்க விடுவது நியாயம் இல்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பட்டியல் வைத்திருந்த இடங்களில், எத்தனை பெட்டி விண்டோஸ் 11க்குத் தாங்கும், எத்தனை புதிதாக வாங்க வேண்டும் என்று ஒரு மாலையில் சொல்லிவிட்டோம். மற்ற இடங்களில் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆயுத பூஜை அன்று லேத், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், கம்ப்யூட்டருக்கும் வைக்கிறோம். வருடத்தில் எல்லாக் கருவியும் கண்ணில் படும் நாள் அது ஒன்றுதான். அதனால் சில வருடங்களாக, முந்தின நாள் துடைத்துச் சுத்தம் செய்யும்போதே கையில் ஷீட்டோடு ஒருவர் கூடப் போகிறார். பெட்டியைத் துடைப்பவர் சீரியல் நம்பரைப் படித்துச் சொல்கிறார், இவர் சரிபார்த்து டிக் அடிக்கிறார். போன வருடம் அப்படிப் போனபோது, பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லேபிள் அச்சடிக்க யாரோ எப்போதோ வைத்தது. உள்ளே விண்டோஸ் 7 இருந்தது. அதைப் பட்டியலில் முப்பத்தெட்டாவதாக எழுதிக்கொண்டு, நெட்வொர்க் வயரைக் கழற்றிவிட்டுத்தான் சந்தனம் வைத்தோம்.

நன்றி. வணக்கம்.