கீரிமலையில் எந்தக் கேணி?

சபையோருக்கு வணக்கம். நான் முப்பது வருசம் உடற்கல்வி படிப்பித்தவள். விசில் ஊதிப் பழகிய வாய், கொஞ்சம் சத்தமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கீரிமலை நீரூற்றில் குளிக்க ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. ஓமோன் சிகிச்சை தொடங்கிய ஒரு திருநங்கைப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எனக்கு நீந்த நல்ல விருப்பம். நான் எந்தக் கேணியில இறங்கிறது?" என்னிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டம், நீச்சல் என்று திரிந்த பிள்ளை, இப்போது வீட்டு முற்றத்தைத் தாண்டுவதில்லை. 'இவர்கள் ஏன் உடற்பயிற்சி செய்வதில்லை' என்று கேட்கிறவர்கள், முதலில் உடுப்பு மாற்றும் அறைகளைப் போய்ப் பார்க்கவேண்டும்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? திருநங்கைகள் பெண் ஓமோனான ஈஸ்ட்ரோஜன் எடுத்து, ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும்போது, மூன்று நான்கு மாதத்திலேயே ஈமோகுளோபின் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். முன்பு ஓடிய தூரத்தில் பாதியிலேயே மூச்சு வாங்கலாம். அது சோம்பல் இல்லை, இரத்தம் பிராணவாயுவைக் கொண்டுபோகும் கணக்கு மாறிவிட்டது. தசையின் பலம் இன்னும் மெதுவாகக் குறையும். அதனால்தான் பாரம் தூக்கும் பயிற்சியை விடாதீர்கள் என்கிறேன். எலும்புக்கும் அது நல்லது.

இன்னொன்று. டெஸ்டோஸ்டிரோனை அடக்கச் சிலருக்கு ஸ்பைரோனோலாக்டோன் குளிசை கொடுப்பார்கள். அது சலத்தைக் கூட்டும், பொற்றாசியத்தை உடம்பில் தேக்கும். வெயிலில் நடந்துவிட்டு நாம் முதலில் தேடுவது இளநீர். அதிலும் பொற்றாசியம் நிறைய. ஆகவே எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். இளநீரைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கே மனமில்லை.

பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்குக் கதை வேறு. டெஸ்டோஸ்டிரோனால் தசை விறுவிறுவென்று பலக்கும், தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரு தம்பி கோப்பாயிலிருந்து, மார்பு தெரியாமலிருக்க நெஞ்சில் கிரேப் பண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்து வந்தார். படலையடியில் ஹாண்டிலைப் பிடித்தபடியே நின்றார். வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. உள்ளே போய் அவிழ்த்துவிட்டு வந்த பிறகுதான் "தண்ணி" என்றார். பண்டேஜ் வேண்டவே வேண்டாம். மார்பைத் தட்டையாக்கப் போடும் பைண்டர் உள்ளாடை என்றாலும் பயிற்சி நேரத்தில் கழற்றிவிட்டு, ஸ்போர்ட்ஸ் பிராவும் தொளதொள சேர்ட்டும் போடுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் குளிசை எடுப்பவர்கள் கொழும்பு பஸ்ஸில் இரவு முழுக்க மடங்கிக் கிடக்கக்கூடாது. காலில் இரத்தம் கட்டியாகும் ஆபத்துக் கொஞ்சம் கூடும். பஸ் நிற்கிற இடமெல்லாம் இறங்கி நடவுங்கள்.

கிழமைக்கு 150 நிமிடமாவது நடுத்தர வேகத்தில் அசையுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லா வளர்ந்தவர்களுக்கும் சொல்வது. அதில் ஆண் கேணி, பெண் கேணி இல்லை.

நீச்சலுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. நடைக்கு இருக்கிறது. நாளை விடிய ஐந்தரைக்குப் பண்ணைக் கடலோரத்தில் நிற்பேன். அந்தப் பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவாருங்கள்.