கோவை கொழும்புக்குப் போயிருக்கு

(கிளிநொச்சியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதை நானே எழுத்தாக்கியது)

எல்லோருக்கும் வணக்கம். மழை வரும்போல இருக்கிறது, சுற்றி வளைக்காமல் தொடங்குகிறேன்.

நீதிமன்ற வளவுக்குள் அலைந்த எல்லோருக்கும் ஒரு வசனம் மனப்பாடம்: "கோவை கொழும்புக்குப் போயிருக்கு." கோவை என்றால் வழக்குப் பைல். கொழும்பு என்றால் புதுக்கடையில் இருக்கிற சட்டமா அதிபர் திணைக்களம், அதாவது அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞரின் கந்தோர். பாரதூரமான குற்றத்துக்கு மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதா, விட்டுவிடுவதா என்று அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கொடுத்த அதிகாரம் அது. தொடுத்த வழக்கை இடைநடுவில் நிறுத்தவும் சட்டமா அதிபரால் முடியும்.

அதே திணைக்களத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அரசாங்கத்தின் மேல் யாராவது வழக்குப் போட்டால் அரசாங்கத்துக்காக வாதாடுவதும் அவர்கள்தான்.

காணிப் பிணக்கில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. வன்னியில் எங்களுக்குத் தெரியும். 2009 மே மாதம் படையினரிடம் சரணடைந்தவர்களைத் தேடி உறவினர்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அந்த வழக்குகளில் இராணுவத் தரப்புக்காக எழுந்தவர் அதே திணைக்களத்தின் அரச சட்டவாதி. ஒரு தவணை நாளில், பத்திரங்களைச் சொப்பிங் பைக்குள் சுற்றி மடியில் வைத்திருந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, நாளைக்கு என்ர பிள்ளையைக் கொண்டுபோனவங்களுக்கு எதிரா வழக்குப் போடப்போறது ஆர்?"

"இவரின்ர கந்தோர்தான் அம்மா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையின் காதை இன்னொரு முடிச்சுப் போட்டார்.

நான் அந்தத் திணைக்களத்தைத் திட்ட வரவில்லை. மிருசுவிலில் பொதுமக்களைக் கொன்ற வழக்கை நடத்தி 2015 இல் ஒரு இராணுவச் சிப்பாய்க்கு மரணதண்டனை வாங்கியதும் அதே திணைக்களம்தான். 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தது வேறு கதை. அங்கே கெட்டிக்காரரும் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் காலையில் படையின் வக்கீலாக நின்றவர் பின்னேரம் அதே படைமேல் வழக்குப் போடலாமா என்று யோசிக்க வேண்டியிருந்தால், எவ்வளவு நேர்மையானவருக்கும் அது சிக்கல்தான்.

இது தமிழருக்கு மட்டும் வந்த துன்பமும் இல்லை. பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொலை வழக்கில் மூன்று சந்தேகநபர்களை விடுவிக்கலாம் என்று 2025 தொடக்கத்தில் சட்டமா அதிபர் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு அறிவித்தார். தெற்கில் பெரிய கூச்சல் கிளம்பியதும் அது நிறுத்திவைக்கப்பட்டது. கூச்சல் போட்டதால் நின்றது. வன்னியில் முத்தையன்கட்டில் ஒருவர் போடும் கூச்சல் புதுக்கடை வரை கேட்குமா?

நியமனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். சட்டமா அதிபரை நியமிக்க அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்று 2001 இல் 17ஆம் திருத்தம் சொன்னது. அந்த நிபந்தனையை 2010 இல் எடுத்தார்கள், 2015 இல் திருப்பிக் கொடுத்தார்கள், 2020 இல் மறுபடி எடுத்தார்கள், 2022 இல் மறுபடி கொடுத்தார்கள். வாய்க்கால் கதவைக்கூட இப்படித் திறந்து பூட்டமாட்டோம்.

சரி, என்ன செய்யலாம்? வழக்குத் தொடுப்பதைத் தனி அலுவலகமாகப் பிரிக்கலாம். இந்த நாட்டிலேயே எழுபதுகளில் அரச வழக்குத்தொடுநர் பணிப்பாளர் என்று ஒரு பதவி இருந்தது, 1978 இல் ஒழித்தார்கள். இங்கிலாந்தில் 1985 சட்டத்தின்படி தனி வழக்குத்தொடுநர் சேவை 1986 இல் தொடங்கியது. இங்கும் தனி அலுவலகம் வரும் என்று இப்போதைய அரசாங்கம் சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் அலுவலகத்தை மட்டும் பிரித்தால், ஒரு பூட்டிய அலுமாரி இரண்டு பூட்டிய அலுமாரியாகும், அவ்வளவுதான்.

இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். துருசை, அதாவது மதகைத் திறக்கிறவருக்கு யாரும் போன் எடுத்து "என்ர வயலுக்கு முதல் விடு" என்று சொல்லக்கூடாது. அதேநேரம் குளத்தில் எத்தனை அடி தண்ணீர், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைக் கமக்காரர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேசித்தான் முடிவெடுக்கிறோம். திறக்கிறவரின் கையை யாரும் பிடிக்கக்கூடாது, திறந்த கணக்கை எல்லோரும் பார்க்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கடைவயலுக்குத் தண்ணீர் வரும்.

இங்கிலாந்தில் 2013 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது: வழக்குப் போடுவதில்லை என்று முடிவெடுத்தால், அதை மறுபடி பார்க்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவர் கேட்கலாம். இங்கே சட்டமா அதிபரின் தீர்மானத்தை நீதிமன்றம் ஆராயலாம் என்று உயர் நீதிமன்றம் 1998 இல் பத்திரிகையாளர் விக்டர் ஐவன் போட்ட வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு மனுப் போட வேண்டும், வக்கீல் பிடிக்க வேண்டும், கொழும்பு போக வேண்டும். பஸ் காசை யார் தருவது?

ஆகவே புதிய சட்டவரைவு வரும்போது நான் முதலில் தேடப்போவது ஒரு சின்ன விஷயத்தை. வழக்கைக் கைவிட்டால், ஏன் கைவிட்டோம் என்று பாதிக்கப்பட்டவருக்கு ஒரு கடிதம் போகுமா? போனால் எந்த மொழியில்? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கிற ரீச்சர் விடுமுறையில் போயிருந்தா. அவர் திரும்பி வந்து வாசித்துச் சொன்னபோது, வரச்சொல்லியிருந்த தேதி போய் நாலு நாள்.