ஓர் அமைச்சிடம் பதில் வாங்குவது எப்படி

அவைத்தலைவர் அவர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் வேலை முடித்த கையோடு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

பாராளுமன்றமும் பொறுப்புக்கூறலும் என்பது பெரிய தலைப்பு. நான் அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமைச்சுப் பதவி ஏதும் இல்லாத ஒரு சாதாரண உறுப்பினர், ஓர் அமைச்சை மறித்துப் பதில் வாங்க என்ன செய்ய வேண்டும், அவர் எங்கே தவறவிடுகிறார் என்பதுதான் அந்த மூலை.

நாம் ஓர் உறுப்பினரைக் குரலை வைத்து மதிப்பிடுகிறோம். சபையில் அவர் முழங்கிய காணொளி அன்று மாலையே கைப்பேசிக்குக் கைப்பேசி போய்விடுகிறது. ஆனால் முழக்கத்துக்கு எந்த அமைச்சின் செயலாளரும் கோப்பு எடுப்பதில்லை. எண், திகதி, இடம் மூன்றும் இருக்கும் கேள்விக்குத்தான் கோப்பு அசையும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, அரச நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. ஆனால் 152ஆம் உறுப்புரையின்படி பொதுப் பணத்தைச் செலவிடக் கோரும் சட்டமூலத்தை அமைச்சரவை அங்கீகாரத்தோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவரலாம். ஆகவே எதிர்க்கட்சி உறுப்பினரால் ‘எங்கள் வைத்தியசாலைக்கு ஐந்து கோடி கூட்டித் தாருங்கள்’ என்று திருத்தம் கொண்டுவர முடியாது. குறைக்கத்தான் கேட்கலாம். வரவுசெலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் ஒவ்வொரு அமைச்சின் செலவினத் தலைப்பு எடுக்கப்படும்போதும், அதிலிருந்து 10 ரூபாவைக் குறைக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் எழுந்து பிரேரிப்பது அதனால்தான். அது வெறும் சம்பிரதாயமல்ல. அந்தப் பத்து ரூபாவின் பெயரால்தான் அமைச்சின் முழுக் கணக்கும் விவாதத்துக்குத் திறக்கிறது.

அந்த நாளுக்கு உறுப்பினர் கொண்டுபோக வேண்டியது வரவுசெலவு மதிப்பீட்டுப் புத்தகம். ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு செலவினத் தலைப்பு எண் உண்டு. சுகாதார அமைச்சு 111, கல்வி அமைச்சு 126, பொலிஸ் 225. அதற்குள் நிகழ்ச்சித்திட்டம், கருத்திட்டம், கடைசியில் நாலிலக்கச் செலவினக் குறி. 1001 சம்பளம், 1002 மேலதிக நேரக் கொடுப்பனவு, 1202 எரிபொருள், 1204 மருத்துவ வழங்கல்கள். பக்கத்தில் நிதி மூலத்தின் குறி: 11 என்றால் உள்நாட்டு நிதி, 12 என்றால் வெளிநாட்டுக் கடன். ஒரு வரியைக் குறுக்காக வாசித்தால் முன்னைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்குக் கேட்பது, அதற்கடுத்த ஆண்டுகளின் எதிர்வுகூறல் எல்லாம் வரிசையாக நிற்கும். பேச்சாளர் பலர் மூன்றாவது எண்ணை மட்டும் பார்த்து ‘இவ்வளவு ஒதுக்கினீர்களா’ என்று கேட்டுவிட்டு உட்காருகிறார்கள். கேட்க வேண்டியது முதலாவது எண்ணைப் பற்றி. சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, மிச்சம் ஏன் நின்றது, நிதிப் பிரமாணம் 66இன் கீழ் வேறு குறிக்கு மாற்றப்பட்டதா, மாற்றியது எதற்காக?

இன்னொரு தலைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்: 240, தேசிய வரவுசெலவுத் திட்டத் திணைக்களம். எதிர்பாராத செலவுகளுக்கென்று பெருந்தொகை அதற்குள் வைக்கப்படுகிறது. ஆண்டு நடுவில் அமைச்சுகளுக்கு அங்கிருந்து குறைநிரப்பு ஒதுக்கங்கள் போகும். பின்னர் அந்த விபரம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும். சமர்ப்பிக்கப்படுகிற நாளில் அதைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலர். வாகனக் கொள்வனவு போன்ற விடயங்கள் அங்கேதான் தேடக் கிடைக்கும்.

இனி ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். வைத்தியசாலையில் மருந்து இல்லை. உறுப்பினர் எழுந்து ‘மக்கள் சாகிறார்கள், அமைச்சர் என்ன செய்கிறார்’ என்கிறார். அமைச்சர் ‘தட்டுப்பாடு இல்லை, 1204இல் போதிய நிதி இருக்கிறது’ என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் பாராளுமன்ற உரைப்பதிவான ஹன்சாட்டில் ஏறிவிடும், மருந்து வராது. ஏனென்றால் மருந்து ஒரே கையால் வருவதில்லை. எவ்வளவு தேவை என்று மதிப்பிடுவது மருத்துவ வழங்கல் பிரிவு. கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி வாங்குவது பெரும்பாலும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். பதிவு செய்து அனுமதிப்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. பணம் விடுவது திறைசேரி. தட்டுப்பாடு இந்த நாலில் ஒன்றில் பிறக்கிறது: மதிப்பீடு குறைவு, கேள்விப்பத்திரம் தாமதம், பதிவு அல்லது தரச் சிக்கல், கொடுப்பனவு நிலுவை. கேள்வியையும் நாலாகப் பிரிக்காவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டித் தப்பிவிடுவார்கள்.

ஆகவே வாய்மூல விடைக்கான வினா இப்படி எழுதப்பட வேண்டும். (அ) இன்ன மருந்துக்கான ஆண்டுத் தேவை மதிப்பிடப்பட்ட திகதி யாது. கொள்வனவுக் கட்டளை அனுப்பப்பட்ட திகதி யாது. கேள்விப்பத்திர ஒப்பந்தம் வழங்கப்பட்ட திகதி யாது. முதல் தொகுதி களஞ்சியத்துக்கு வந்த திகதி யாது. பதிவு விலக்கின் கீழ், அதாவது பதிவில்லாமலே விசேட அனுமதியோடு, இறக்குமதி செய்யப்பட்டதா. என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்? இந்த வடிவத்தில் பெயரடைக்கு இடமில்லை. ‘ஊழல் நிறைந்த’, ‘அக்கறையற்ற’ போன்ற சொற்கள் வந்தால் வினா செயலகத்திலேயே திருத்தத்துக்குத் திரும்பிவரும். நாலு திகதிகளையும் வரிசையாக அடுக்கினால், தாமதம் எந்த மேசையில் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

தமிழில் வினாக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடை தயாரிக்கும் அதிகாரியின் கைக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்புத்தான் போகும். நீண்ட வாக்கியம் எழுதினால் பாதி அங்கேயே கரைந்துவிடும். ஊர்ப் பெயரோடு பிரதேச செயலகப் பிரிவையும் கிராம அலுவலர் பிரிவின் எண்ணையும் சேர்த்து எழுதினால் ‘அப்படியோர் இடம் எமது பதிவில் இல்லை’ என்ற விடை வராது. அதற்காகத் தமிழை விடச் சொல்லவில்லை. பேசிய மொழியிலேயே ஹன்சாட்டில் அச்சாகும் உரிமை நமக்கு இருக்கிறது, அதைப் பாவிக்க வேண்டும்.

சபையில் வரும் சாட்டுகள் பழகிப் போனவை. முதலாவது, ‘விடையளிக்கக் கால அவகாசம் வேண்டும்’. இரண்டாவது, ‘விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்’. அப்படிச் சொன்னால் விடை ஹன்சாட்டில் வரும், ஆனால் இடையீட்டுக் கேள்வி கேட்கும் வாய்ப்பு நழுவும். ஆகவே அதே இடத்தில் எழுந்து முக்கியமான ஓர் எண்ணையாவது வாசிக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, ‘இது மாகாண சபைக்குரிய விடயம்’. கொழும்பு தேசிய வைத்தியசாலையும் போதனா வைத்தியசாலைகளும் மத்திய அமைச்சின் கீழும், ஆதார, பிரதேச வைத்தியசாலைகள் பல மாகாணத்தின் கீழும் இருப்பது உண்மை. ஆனால் மாகாண வைத்தியசாலைகளுக்கும் மருந்து மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்துதான் போகிறது. மருந்து விடயத்தில் அந்தச் சாட்டு எடுபடாது. இதை அறிந்த உறுப்பினர் நிற்பார், அறியாதவர் உட்காருவார்.

சபையில் விடை சொல்பவர் அமைச்சர். குழுவில் விடை சொல்பவர் செயலாளர், ஏனென்றால் அமைச்சின் செலவுக் கணக்குக்குப் பொறுப்பான பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர் அவர்தான். 1921இல் தொடங்கிய அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவான கோபா அமைச்சுகளையும் திணைக்களங்களையும் அழைக்கும். 1979இல் வந்த, அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவான கோப் கூட்டுத்தாபனங்களையும் அதிகாரசபைகளையும் அழைக்கும். மேலே சொன்ன மருந்து விடயத்தில் வழங்கல் பிரிவு கோபாவுக்கும், கூட்டுத்தாபனமும் அதிகாரசபையும் கோப் குழுவுக்கும் போகின்றன. ஒரே தட்டுப்பாட்டின் இரண்டு பாதிகள் இரண்டு அறைகளில் விசாரிக்கப்படுகின்றன. இதுதான் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. இரண்டு குழுக்களின் அழைப்பு நிரலையும் பார்த்து, ஓர் அறையில் சொன்னதை மற்ற அறைக்குக் கொண்டுபோக யாராவது இருக்க வேண்டும்.

இரண்டு குழுக்களுக்கும் அடிப்படை கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைதான். நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் அவர் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும் என்கிறது 154ஆம் உறுப்புரை. மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஏலம் நடந்தது 2015 பெப்ரவரி 27இல். கோப் அறிக்கை வந்தது 2016 ஒக்டோபரில். அதற்குப் பிறகு 2017இல்தான் ஜனாதிபதி ஆணைக்குழு. குழு ஒன்று நுணுக்கமாக விசாரித்தும் அவ்வளவு காலம் சென்றது. இடையில் கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டால் இன்னும் மோசம். 2021 டிசம்பரில் அப்படி நடந்தபோது கோப், கோபா இரண்டும் மறுபடி நியமிக்கப்பட வேண்டியிருந்தது. பாதியில் நின்ற விசாரணையைப் புதிய குழு தானாகத் தூக்கிக்கொள்ளும் என்று நம்பக்கூடாது.

வாக்கெடுப்பை மட்டும் நம்புவதும் போதாது. 2023 செப்டெம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 113க்கு 73 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த பெப்ரவரியில் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தின் கொள்வனவு தொடர்பான விசாரணையில் அவர் கைது செய்யப்பட்டார். வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்குரியது. வாக்கெடுப்பு தோற்றதோடு ஆவணங்கள் செல்லாமல் போய்விடவில்லை என்பதைத்தான் இங்கே காட்டுகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உறுப்பினருக்கு எழுதும்போது முறைப்பாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் நீங்களே விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். மறுத்தாலும் அந்த மறுப்புக் கடிதம் உறுப்பினருக்கு நல்ல ஆயுதம். அதன் பிரதியோடு செலவினத் தலைப்பு, குறி, திகதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். குழுநிலை விவாதத்தில் ஓர் உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், இரண்டு பக்கக் கடிதத்தைப் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது.